குழாயா, பெட்டியா?

ரவை சுடும் ஷாட்கன் துப்பாக்கியில் தோட்டாக்களை வைக்கும் மேகசின் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு, துப்பாக்கி பழுதுபார்ப்பதையே தொழிலாகக் கொண்ட நம் பகுதியாசிரியர் பதில் சொல்கிறார்.

கேள்வி: ஷாட்கன் வாங்க உரிமம் கைக்கு வந்துவிட்டது. குழலுக்கு அடியில் குழாய் மேகசின் இருப்பதை வாங்குவதா, கழற்றி மாட்டும் பெட்டி மேகசின் இருப்பதை வாங்குவதா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எது சார் நல்லது?

பதில்: துப்பாக்கியை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஒரு 12 போர் (‘போர்’ என்பது குழல் துளையின் அளவு) தோட்டாவை எடுத்து மேசைமேல் நிறுத்துங்கள். அடியில் பித்தளை நிற மூடி. அதைச் சுற்றி ஒரு விளிம்பு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். விளிம்பின் குறுக்களவு 22 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, உடலின் குறுக்களவு 20 மில்லிமீட்டர் சொச்சம். மூடிக்கு மேலே பிளாஸ்டிக் கூடு. உச்சியில் அந்தக் கூட்டை நட்சத்திரம் போல மடித்து, தட்டையாக அமுக்கி மூடியிருப்பார்கள். நடுவில் விரலால் அழுத்திப் பாருங்கள், லேசாகக் கொடுக்கும். துருத்திய விளிம்பு, மெத்தென்ற உடல், தட்டை முனை. உங்கள் கேள்விக்குப் பதில் இந்த மூன்றில்தான் இருக்கிறது.

குழாய் மேகசினில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். ஒன்றின் தட்டை முனை முன்னால் இருப்பதன் அடிமூடியைத் தொட்டுக்கொண்டிருக்கும். முன்முனையில் இருக்கும் நீளமான ஸ்பிரிங் வரிசை முழுவதையும் பின்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். விளிம்பு எதிலும் மாட்டாது, ஏனென்றால் ஒன்றின்மேல் ஒன்று ஏறவே வழியில்லை. பம்பை, அதாவது குழலுக்கு அடியில் முன்னும் பின்னும் ஓடும் கைப்பிடியை, பின்னுக்கு இழுத்தால் சுட்ட கூடு வெளியே பறக்கும். இழுப்பின் கடைசியில், வரிசையைப் பிடித்து நிறுத்தியிருக்கும் நாக்கு விலகி, ஒரே ஒரு தோட்டாவைத் தாங்கியின்மேல் விடும். பம்பை முன்னுக்குத் தள்ளினால் தாங்கி அதைத் தூக்கிக் கொடுக்கும், போல்ட் என்ற இரும்புக்கட்டை அதை அறைக்குள், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா வெடிக்கும் இடத்துக்குள், தள்ளும். 19ஆம் நூற்றாண்டில் கண்டுபிடித்த ஏற்பாடு. இன்றைக்கும் பெரிதாக மாற்ற வேண்டிய அவசியம் வரவில்லை.

பெட்டியில் கதை வேறு. தோட்டாக்கள் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி நிற்கும். மேலே இருப்பது முன்னால் நகர வேண்டுமானால், அதன் விளிம்பு கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் இருந்தாக வேண்டும். நிரப்பும்போது ஒன்று பின்தங்கிவிட்டால் இரண்டும் கொக்கி போட்டதுபோல மாட்டிக்கொள்ளும், நகராது. அதனால் பெட்டி செய்பவர்கள் உள்சுவரையும் மேல் உதடுகளையும் மிகக் கவனமாக வடிவமைக்கிறார்கள். உதடு கொஞ்சம் விரிந்தாலும் தோட்டா மேல்நோக்கிப் போகும் கோணம் மாறி, தட்டை முனை அறையின் விளிம்பில் போய் முட்டும். பெட்டித் துப்பாக்கி மக்கர் செய்கிறது என்று கொண்டுவருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, ‘வேறு பெட்டியைப் போட்டுப் பார்த்தீர்களா?’ என்பதைத்தான். பெரும்பாலும் துப்பாக்கியில் ஒரு குறையும் இருக்காது.

சரி, பெட்டிக்கு என்ன நன்மை? தீர்ந்ததும் கழற்றி எறிந்துவிட்டு நிரம்பியதை மாட்டிவிடலாம். ரவைத் தோட்டாவிலிருந்து ஒற்றைக் குண்டுத் தோட்டாவுக்கு மாற வேண்டுமென்றால் பெட்டியையே மாற்றிக்கொள்ளலாம். சிக்கல் வந்தால் பெட்டியைக் கழற்றியதும் கீழே பெரிய திறப்பு கிடைக்கும், விரல் போகும். குழாய்த் துப்பாக்கியில் தாங்கிக்கு அடியில் ஒரு தோட்டா நழுவி மாட்டிக்கொண்டால் அதை எடுப்பதற்குள் பொறுமை போய்விடும். ரெமிங்டன் 870 என்ற பம்ப் ஷாட்கனின் பழைய தயாரிப்புகளில் இது தெரிந்த தொல்லை. பின்னாளில் தாங்கியின் நடுவில் வெட்டுவிட்டு, வளைந்து கொடுக்கும் நாக்கு ஒன்றை வைத்து அதைச் சரிசெய்தார்கள்.

என் அபிப்பிராயம் கேட்டீர்கள். ஒரே ஒரு துப்பாக்கிதான் வாங்கப்போகிறீர்கள், அதை வைத்து எல்லா வேலையும் பார்க்கவேண்டும் என்றால் குழாய். கடிகாரத்தோடு போட்டி போட்டு, நிறையத் தோட்டா சுடும் ஆள் என்றால் பெட்டியைப் பற்றி யோசியுங்கள். வேறு மேகசின் எதுவும் இதில் பொருட்டில்லை. வட்ட டிரம் மேகசின் பற்றியும் ஒருவர் எழுதியிருந்தார். படத்தில் நன்றாக இருக்கும், தோளில் தூக்கிப் பார்த்தால் தெரியும்.

கேள்வி: என்னுடையது கலாஷ்னிகோவ் அமைப்பில் செய்த பெட்டி மேகசின் ஷாட்கன். பெட்டியை முழுக்க நிரப்பி மாட்டினால் மாட்டவே மாட்டேன் என்கிறது. உள்ளங்கையால் தட்ட வேண்டியிருக்கிறது. பெட்டி கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை. போல்ட் மூடியிருக்கும்போது மாட்டுகிறீர்கள், அதுதான் விஷயம். மூடிய போல்ட்டின் அடிப்பக்கம் மேல் தோட்டாவின்மேல் உட்காரும். தோட்டா கீழே இறங்க இடம் வேண்டும். பெட்டி முழுக்க நிரம்பியிருந்தால் ஸ்பிரிங் ஏற்கெனவே கடைசிவரை அமுங்கிக் கிடக்கும், இறங்க இடமில்லை. ரைஃபிளிலும் இது உண்டு. ஆனால் ஷாட்கன் தோட்டா தடிமனானது, அதன் கூடு பிளாஸ்டிக். அதனால் தட்டத் தட்ட மேல் தோட்டாதான் நசுங்கும்.

போல்ட்டைப் பின்னால் இழுத்து நிறுத்திவிட்டு மாட்டுங்கள். உங்கள் துப்பாக்கியில், சைகா 12 போன்றவற்றில் உள்ளதுபோல, போல்ட்டைக் கையால் நிறுத்தும் பொத்தான் இருந்தால் வேலை சுலபம். இல்லையென்றால் ஒரு தோட்டா குறைத்து நிரப்புங்கள். முன்கொக்கியை முதலில் மாட்டி, பின்பக்கத்தை மேலே ஆட்டிப் பூட்டும் வகை அது. பூட்டிய ஓசை கேட்ட பிறகும் ஒருமுறை கீழே இழுத்துப் பாருங்கள். அரைகுறையாகப் பூட்டிய பெட்டி முதல் வேட்டிலேயே கீழே விழும்.

இன்னொன்று. ஒரு துப்பாக்கியின் பெட்டி இன்னொன்றுக்குச் சேரும் என்று நம்பி வாங்கிவிடாதீர்கள். சைகா 12, வெப்ர் 12 இரண்டும் பார்வைக்கு ஒரே குடும்பம். ஆனால் ஒன்றின் பெட்டி மற்றதில் அப்படியே உட்காராது. குழாய்க்காரருக்கு இந்தத் தலைவலி இல்லை. அவருடைய மேகசின் துப்பாக்கியோடு பிறந்தது.

கேள்வி: பெட்டியில் தோட்டாக்களை நிரப்பி மாதக்கணக்கில் வைக்கலாமா? குழாயில்?

பதில்: பெட்டியில் ஸ்பிரிங் தோட்டாவைப் பக்கவாட்டில், அதாவது இடுப்பில் அழுத்துகிறது. பிளாஸ்டிக் கூடு நாளாக ஆக அந்த அழுத்தத்துக்கு இணங்கி, வட்டம் போய் லேசான முட்டை வடிவம் ஆகும். வெயிலில் கிடந்தால் இன்னும் சீக்கிரம். மேலே இருக்கும் ஒன்றிரண்டுதான் முதலில் பலியாகும், ஏனென்றால் உதடும் ஸ்பிரிங்கும் சேர்ந்து அவற்றைப் பிடித்திருக்கின்றன. முட்டை வடிவத் தோட்டா அறைக்குள் போகத் தயங்கும். விரல்களுக்கிடையில் உருட்டிப் பாருங்கள், தட்டுப்பட்டால் தெரிந்துவிடும்.

குழாயில் அழுத்தம் தலையிலிருந்து அடிக்குப் போகிறது. அந்தத் திசையில் கூடு பலமானது. ஆனாலும் நீண்டநாள் அமுங்கிக் கிடந்தால் மடித்த முனை உள்வாங்கலாம், ஸ்பிரிங்கும் சோர்ந்துபோகலாம். நான் சொல்வது ஒன்றே ஒன்று: சுடாத நேரத்தில் தோட்டாவின் இடம் அதன் அட்டைப்பெட்டி, அந்தப் பெட்டியின் இடம் பூட்டிய அலமாரி. துப்பாக்கிக்கு வேறு பூட்டு, வேறு அலமாரி.

கேள்வி: விற்பவர் ‘ஐந்து தோட்டா போகும்’ என்றார். என் குழாயில் நான்குதான் போகிறது. ஏமாற்றிவிட்டாரா?

பதில்: அவர் மேல் பழி போடும் முன் தோட்டா வந்த அட்டைப்பெட்டியில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள். 76 மில்லிமீட்டர் என்று இருக்கும். விற்பவர் 70 மில்லிமீட்டர் கணக்கில் சொல்லியிருப்பார். இந்த அளவுகள் சுட்டு, மடிப்பு விரிந்த பிறகு கூட்டின் நீளம். சுடாத 70 மில்லிமீட்டர் தோட்டா மடிப்போடு சுமார் 58 மில்லிமீட்டர்தான் இருக்கும், 76 மில்லிமீட்டர் தோட்டா சுமார் 64. ஐந்தைப் பெருக்கிப் பாருங்கள், 3 சென்டிமீட்டர் வித்தியாசம் வருகிறது. அத்தனை இடம் குழாயில் இல்லை, அவ்வளவுதான்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. குழலின் பக்கவாட்டில் அறையின் நீளம் பொறித்திருக்கும். 70 என்று இருந்தால் 76 போடக்கூடாது. போட்டால் உள்ளே போகும், அதுதான் ஆபத்து. சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். அதேபோல 12 போர் துப்பாக்கி வைத்திருப்பவர் பையில் 20 போர் தோட்டா ஒன்றுகூட இருக்கக்கூடாது. அது 12 போர் அறையைத் தாண்டி முன்னால் போய்க் குழலில் சிக்கி நிற்கும். அறை காலியாகத் தெரியும். அதன் பின்னால் ஒரு 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 போர் தோட்டாக்களுக்கு மஞ்சள் நிறம் கொடுப்பதே இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான்.

கேள்வி: வேகச் சுடுதல் போட்டிக்குப் புதியவன். குழாய்த் துப்பாக்கி வைத்திருப்பவர்களே பெட்டிக்காரர்களை ஜெயிக்கிறார்களே, எப்படி?

பதில்: பெட்டிக்காரர் பெட்டி தீரும்வரை காத்திருக்கிறார், அல்லது பாதி இருக்கும்போதே எறிகிறார். குழாய்க்காரர் ஓடும் இடத்திலெல்லாம் ஊட்டிக்கொண்டே போகிறார். இரண்டு சுட்டால் இரண்டு போடுவார். அறையில் தோட்டா இருக்கும், துப்பாக்கி எந்த நேரமும் சுடத் தயார். இந்த ‘சுடச்சுட நிரப்பு’ பழக்கம்தான் குழாயின் பெரிய பலம்.

கைப்பழக்கம் வந்தவர்களைப் பக்கத்தில் நின்று பாருங்கள். இடுப்பிலோ மார்பிலோ உள்ள தோட்டாப் பட்டையிலிருந்து ஒரே பிடியில் நான்கு தோட்டா உருவுவார்கள். துப்பாக்கியைத் தலைகீழாகத் திருப்பித் தோளருகே வைத்து, கட்டைவிரலால் இரண்டை ஒரே தள்ளில் உள்ளே அனுப்பி, உடனே அடுத்த இரண்டு. பிடிநாக்கு விளிம்பைத் தாண்டியதும் ‘க்ளிக்’ என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்காமல் விரலை எடுத்தால் தோட்டா திரும்பி உங்கள் காலடியில் விழும். இதற்கு மாதக்கணக்கில், மருந்தில்லாத போலித் தோட்டாவை வைத்துப் பழக வேண்டும். பெட்டி மாற்ற ஒரு சாயங்காலம் போதும்.

துப்பாக்கிக்குத் துப்பாக்கி இதில் வித்தியாசம் உண்டு. மாஸ்பெர்க் 500இல் போல்ட் மூடியிருக்கும்போது தாங்கி மேலே ஒதுங்கி நிற்கும், நிரப்பும் வாய் திறந்திருக்கும். ரெமிங்டன் 870இல் தாங்கி வாயை அடைத்தபடி தொங்கும், தோட்டாவாலேயே அதை மேலே தள்ளித்தான் நுழைக்கவேண்டும். கையுறை போட்டவர்களுக்கு முதலாவது சௌகரியம். கட்டைவிரல் நகம் வளர்த்தவர்களுக்கு இரண்டும் எதிரி.

எடையையும் மறந்துவிடாதீர்கள். 28 கிராம் ரவை உள்ள தோட்டா ஒன்று சுமார் 40 கிராமுக்கு மேல் இருக்கும். குழாய் நிரம்பியிருந்தால் அத்தனையும் முன்கையில். சுடச் சுட முன்பாரம் குறைந்து துப்பாக்கியின் நடை மாறும். பெட்டியில் பாரம் நடுவில், விசைக்குப் பக்கத்திலேயே இருக்கும், சமநிலை அதிகம் ஆடாது. ஆனால் பத்துத் தோட்டாவை ஒற்றை வரிசையில் அடுக்கினால் பெட்டி 20 சென்டிமீட்டருக்கு மேல் கீழே தொங்கும். படுத்துச் சுடும் கட்டம் வந்தால் தரையில் இடிக்கும். மாஸ்பெர்க் 590எம் இதைக் குறைக்க இரட்டை வரிசைப் பெட்டி வைத்தது. உயரம் குறைந்தது, தடிமன் கூடிவிட்டது. போட்டி விதிகளில் கழற்றும் பெட்டியைத் திறந்த பிரிவில் மட்டும் அனுமதிப்பது வழக்கம். பதிவு செய்யும் முன் உங்கள் பிரிவின் விதியைப் படியுங்கள்.

கேள்வி: என் மகள் பறக்கும் தட்டைச் சுடும் டிராப் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறாள். அவளுக்குக் குழாயா, பெட்டியா?

பதில்: இரண்டும் வேண்டாம் அம்மா. மேலும் கீழும் இரண்டு குழல் வைத்த, நடுவில் மடித்துத் திறக்கும் துப்பாக்கி வாங்கிக் கொடுங்கள். ஒலிம்பிக் டிராப்பில் ஒரு தட்டுக்கு இரண்டு வேட்டுதான். ரவை 24 கிராம். பம்ப் துப்பாக்கிக்கு அங்கே இடமே இல்லை. சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் தானியங்கியைக் கொண்டுவந்தாலும் மேகசினில் ஒன்றுக்கு மேல் போகாதபடி அடைத்திருக்க வேண்டும். மடித்துத் திறந்த துப்பாக்கியில் தோட்டா இருக்கிறதா இல்லையா என்று பத்தடி தள்ளி நிற்பவருக்கும் தெரியும். பிள்ளைகள் பழகும் இடத்தில் எனக்கு அது ஒன்றே போதும்.

கேள்வி: முதன்முதலில் எது வந்தது? கல்லூரியில் ஒரு கட்டுரைக்காகக் கேட்கிறேன்.

பதில்: குழாய்தான், தம்பி. விற்பனையில் நின்ற முதல் பம்ப் ஷாட்கன் கிறிஸ்டோபர் ஸ்பென்சர் செய்தது, 1882. அடுத்து ஜான் பிரவுனிங் வின்செஸ்டருக்காக 1887இல் லீவர் (நெம்புகோலை ஆட்டித் தோட்டா ஏற்றும்) துப்பாக்கி, அப்புறம் 1897 மாடல் பம்ப். அவருடைய ஆட்டோ 5தான் பெருமளவில் விற்ற முதல் தானியங்கி ஷாட்கன். எல்லாவற்றிலும் குழாய். ரெமிங்டன் 870 1950இல் வந்தது, அதுவும் குழாய். போல்ட் இழுக்கும் சில மலிவு ஷாட்கன்களில் சிறு பெட்டி நெடுநாளாக இருந்தது. 870க்கும் மாஸ்பெர்க் 590க்கும் தொழிற்சாலையிலேயே பெட்டி மேகசின் வந்தது 2018இல்தான்.

கட்டுரையில் இதையும் எழுது: பெட்டி வைத்த அந்த 870இலும் குழலுக்கு அடியில் குழாய் அப்படியே இருக்கிறது. உள்ளே தோட்டா போகாது. பம்ப் பிடி முன்னும் பின்னும் ஓட ஒரு தண்டவாளம் வேண்டுமே! வாயு அழுத்தத்தால் இயங்கும் பல தானியங்கிகளில் பிஸ்டனும் குழாயைச் சுற்றித்தான் ஓடுகிறது. குழாய் தோட்டா வைக்கும் இடம் மட்டும் என்று நினைப்பவர்களுக்கு, பெட்டிக்கு மாறினால் துப்பாக்கி மெலியும் என்ற கனவு இருக்கும். மெலியாது.

கேள்வி: வீட்டுக்கு எடுத்துப்போகும் முன் காலி செய்ய எது பாதுகாப்பு?

பதில்: இரண்டும் ஆளை ஏமாற்றும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதத்தில். பெட்டியைக் கழற்றி மேசையில் வைத்ததும் மனசு ‘முடிந்தது’ என்று சொல்லிவிடும். அறைக்குள் ஒன்று உட்கார்ந்திருக்கும். குழாயில் தலைகீழ். போல்ட்டைத் திறந்து அறையைப் பார்ப்பார், காலி. மூடிவிடுவார். குழாய்க்குள் இருந்த ஒன்று அந்த அசைவிலேயே தாங்கிக்கு ஏறி, அறைக்குப் போய்விடும். காலி என்று சோதித்த கையே அதை நிரப்பியிருக்கிறது.

அதனால் வரிசை மாறக்கூடாது. குழல் பாதுகாப்பான திசையில், விரல் விசைக்கு வெளியே. பெட்டியானால் முதலில் பெட்டி, பிறகு போல்ட் திறந்து அறை. குழாயானால் பாதுகாப்புப் பூட்டைப் போட்டுவிட்டு, அடிவாய் வழியாக விரலை விட்டுப் பிடிநாக்கை அழுத்தி ஒவ்வொன்றாகக் கையில் வாங்குங்கள். 870, மாஸ்பெர்க் போன்றவற்றில் இப்படி முடியும், பம்பை இழுத்து இழுத்து அத்தனையையும் அறை வழியாக ஓட்டத் தேவையில்லை. கடைசியில் சுண்டுவிரலைக் குழாயின் வாய்க்குள் விடுங்கள். தோட்டாவின் அடிமூடி சில்லென்று தட்டுப்பட்டால் இன்னும் இருக்கிறது. ஸ்பிரிங்கின் முனையில் தோட்டாக்களைத் தள்ளும் தள்ளுமூடி தட்டுப்பட்டால் காலி. அதைப் பச்சை, ஆரஞ்சு போன்ற கண்ணைப் பறிக்கும் நிறத்தில் செய்வது இதற்காகத்தான், பழைய துப்பாக்கியில் இரும்பு நிறத்தில் இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு அறைக்குள்ளும் விரல் விட்டுப் பாருங்கள். கண்ணை மட்டும் நம்பாதீர்கள், மங்கலான வெளிச்சத்தில் கருப்புக் கூடு கருப்பு அறைக்குள் தெரியாது.

கேள்வி: பழைய பம்ப் துப்பாக்கியைச் சுத்தம் செய்யக் குழாயின் முன்மூடியைத் திறந்தேன். ஸ்பிரிங்குக்குள் ஒரு மரக்குச்சி இருந்தது. குப்பை என்று எறியலாமா?

பதில்: எறியாதீர்கள். அது அடைப்புக்கட்டை. மேகசினில் இரண்டுக்கு மேல் போகாமல் தடுக்க வைத்தது. அமெரிக்காவில் இடம்பெயரும் பறவைகளை வேட்டையாட அறையையும் சேர்த்து மூன்று தோட்டாதான் கொள்ளவேண்டும் என்பது கூட்டாட்சி விதி. ஐரோப்பிய ஒன்றியத்தின் பறவைகள் பாதுகாப்புச் சட்டத்திலும் தானியங்கியின் மேகசினுக்கு இரண்டுதான் எல்லை. பிரிட்டனில் சாதாரண ஷாட்கன் சான்றிதழில் வைத்துக்கொள்ள, மேகசின் கழற்ற முடியாததாகவும் இரண்டு தோட்டாவுக்கு மேல் கொள்ளாததாகவும் இருக்கவேண்டும். ஆக, பெட்டி என்றாலே அங்கே வேறு சான்றிதழ். உங்கள் உரிமத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, அதுவரை கட்டையைத் திரும்ப உள்ளேயே போடுங்கள்.

மூடியை அடுத்தமுறை திறக்கும்போது முகத்தை அந்தப் பக்கம் கொண்டுபோகாமல், உள்ளங்கையை மேலே அழுத்திக்கொண்டு திருகுங்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் குழாயைவிட நீளம்.